மறதி, தடுமாற்றம், குணமாற்றம்: மூளை நோய்க்கும் தலைக்காயத்துக்கும் பிறகு குமரி மாவட்டக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பக்கவாதம் வந்தவரையோ பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவரையோ வீட்டுக்குக் கூட்டி வந்ததும், கை அசைகிறதா, கால் ஊன்றுகிறாரா என்றுதான் எல்லாரும் பார்க்கிறோம். நினைவு, கவனம், யோசித்து முடிவெடுப்பது, பேச்சைப் புரிந்துகொள்வது, குணம் ஆகியவை கெட்டுப்போனது பல மாதம் கழித்துத்தான் உறைக்கிறது. அதற்குள் "சோம்பேறி", "பிடிவாதம்", "வயசாச்சு" என்று பட்டம் கட்டி முடித்திருப்போம்.

இப்படிப்பட்டவர்களுக்கு அன்றாட வேலைகளை மறுபடி பழக்கிக் கொடுக்கும் சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். மருத்துவரிடம் என்ன கேட்பது, எதை மறைக்காமல் சொல்வது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

அப்பாவுக்கு 72 வயது. இந்த வயதில் மறதி சகஜம்தானே?

ஒரு பெயர் நாக்கில் வராமல் அரைமணி நேரம் கழித்து வருவதும், மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவதும் சகஜம். வடசேரிச் சந்தைக்குக் காலமெல்லாம் போய்வந்தவர் ஒருநாள் திரும்பி வரும் பஸ் எது என்று தெரியாமல் நின்றால் அது சகஜம் இல்லை. பால்காரருக்கு ஒரே மாதப் பணத்தை மூன்று முறை கொடுப்பது, சொன்ன கதையைப் பத்து நிமிடத்தில் முதலிலிருந்து சொல்வது, அவியலுக்கு என்னென்ன காய் என்று அம்மா அடுப்படியில் திகைத்து நிற்பது, இவையெல்லாம் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயங்கள். மறதி அன்றாட வேலையைத் தடுக்க ஆரம்பித்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வின் கணக்கு 2023இல் வெளிவந்தது. அதன்படி டிமென்ஷியா என்னும் மறதிநோய் இருப்பவர்கள் 7.4 சதவீதம். நூறு பேரில் தொண்ணூற்றிரண்டு பேருக்கு மேல் அந்த நோய் இல்லை. அதனால் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிட எந்த நியாயமும் கிடையாது.

துபாயில் இருக்கும் அண்ணனோடு வீடியோ காலில் பேசும்போது அப்பா தெளிவாகத்தான் பேசுகிறார். நாங்கள் பெரிதுபடுத்துகிறோம் என்று அண்ணன் கோபப்படுகிறார்.

வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. "சாப்பிட்டாச்சா மக்களே, பிள்ளைகளுக்குச் சுகந்தானா, எப்போ லீவு" என்ற பேச்சு வருடக்கணக்காகப் பழகிப்போனது. மறதிநோய் ஓரளவு முற்றிய பிறகும் அது பிசகாமல் வரும். ஐந்து நிமிட அழைப்பு அதோடு முடிந்துவிடுவதால் அண்ணனுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

அண்ணனிடம் சண்டை போட வேண்டாம். "மதியம் என்ன கறி? நேற்று வீட்டுக்கு யார் வந்தது?" என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். கூடவே ஒரு வாரத்துக்கு நாள், நேரம் போட்டு நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்கள். அந்தத் தாள் மருத்துவருக்கும் ஸ்கேன் அளவுக்கு உதவும்.

இந்தப் பாதிப்பு எதனால் வருகிறது?

காரணங்கள் பல. எவ்வளவு வேகத்தில் வந்தது என்று பார்த்தால் பாதி வழி தெரிந்துவிடும்.

நிமிடங்களில் வந்த குழப்பம் என்றால் பக்கவாதம், வலிப்பு, சர்க்கரை தாழ்ந்துபோவது. இன்சுலின் போடுபவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். நீண்ட நேரம் சர்க்கரை அடிமட்டத்தில் கிடந்தால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம்.

ஓரிரு நாட்களில் வந்தது என்றால் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் சோடியம் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்திருந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். ஹெர்பிஸ் வைரஸால் வரும் மூளைக்காய்ச்சல் நினைவைச் சேமிக்கும் பகுதியையே குறிவைக்கிறது. அசைக்ளோவிர் ஊசியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு மிஞ்சும்.

வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் மூளை உறைக்கு அடியில் ரத்தக்கட்டு, மூளைக்கட்டி, காசநோய்க் கிருமி மூளையுறையைத் தாக்குவது போன்றவற்றைத் தேட வேண்டும். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் மூளையையே தாக்கும் நோய் ஒன்றும் உண்டு. அதில் முக்கியமான ஒரு வகையை 2007இல்தான் தெளிவாக அடையாளம் கண்டார்கள். இளம்பெண்களுக்கு அதிகம் வருகிறது. சில வாரங்களில் நடத்தை மாறி, பயந்து, உளறி, வலிப்பும் வரும்போது பேய் பிடித்தது என்று மந்திரவாதியிடம் கொண்டு போய்விடுகிறார்கள். உரிய மருந்து கிடைத்தால் பெரும்பாலானோர் நன்றாகத் தேறக்கூடிய நோய் இது. வீணாகும் ஒவ்வொரு வாரமும் எனக்கு வயிற்றெரிச்சலைத் தருகிறது.

வருடக்கணக்கில் மெதுவாக வந்தால் அல்சைமர் நோய் முதலில் நினைவுக்கு வரும். அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1906இல் விவரித்த நோய். மூளையில் வேண்டாத புரதங்கள் படிந்து நரம்பணுக்கள் சாகின்றன. கொஞ்ச நாள் நன்றாக இருந்து, சட்டென்று ஒரு படி இறங்கி, மறுபடி ஒரு படி இறங்கினால் ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதியாக இருக்கலாம். பிரஷரும் சர்க்கரையும் கவனிக்கப்படாமல் கிடந்த வீடுகளில் இதைப் பார்க்கலாம். பார்கின்சன் நோயிலும் சில வருடங்கள் கழித்து யோசனை மந்தமாவதுண்டு.

இவை தவிர மூளைக்கு ஆக்சிஜன் தடைபட்டதால் வரும் சேதமும் உண்டு. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. அதனால் இதயம் நின்று பிழைத்தவர், நீரில் மூழ்கி எடுக்கப்பட்டவர், தூக்கிலிருந்து மீட்கப்பட்டவர் ஆகியோருக்குப் புது நினைவு பதியாமல் போகும் ஆபத்து அதிகம்.

குணப்படுத்தக்கூடிய மறதி என்று உண்டா?

உண்டு. மறதி என்று வரும் எல்லாருக்கும் முதலில் இவற்றைத்தான் தேட வேண்டும்: வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, சோடியம் குறைவு, மனச்சோர்வு, மருந்தின் பக்கவிளைவு, காது கேளாமை. பி12 குறைவு சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கும் குறையலாம். தினமும் மீன் சாப்பிடும் கடற்கரை வீடுகளிலும் பரிசோதனை தேவைப்படும்.

மருந்துகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் அவில் போன்ற மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் வருவதைக் கட்டுப்படுத்தும் சில மாத்திரைகள் எல்லாமே முதியவர்களின் நினைவைக் குழப்பக்கூடியவை. மருத்துவரிடம் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப்போகாமல் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

மறதி, தரையில் கால் ஒட்டிக்கொண்டது மாதிரியான நடை, சிறுநீரை அடக்க முடியாமை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் மூளைக்குள் நீர் தேங்கும் நோயாக இருக்கலாம். தேங்கிய நீரை வயிற்றுக்கு வடித்துவிடும் குழாய் வைத்தால் நடை திருந்தும், பலருக்கு நினைவும் ஓரளவு திருந்தும்.

பாட்டா குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு மாதம் ஆகிறது. அப்போது ஒன்றும் ஆகவில்லை. இப்போது தூங்கி வழிகிறார், பேச்சு குழறுகிறது.

இன்றைக்கே சி.டி. ஸ்கேன் எடுங்கள். வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால், சின்ன அடியிலும் மூளை உறைக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் மெல்லமெல்லச் சேரும். வாரங்கள் கழித்துத்தான் அழுத்தம் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு அந்த ரத்தத்தை வடித்துவிட்டால், படுத்த படுக்கையாக இருந்தவர் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து சாயா கேட்பதும் நடக்கும்.

தம்பிக்குத் தலையில் அடிபட்டு ஸ்கேன் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஆளே மாறிவிட்டான்.

சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் நன்றாகக் காட்டும். தலை வேகமாகக் குலுங்கும்போது மூளைக்குள் ஓடும் நீண்ட நரம்பிழைகள் இழுபட்டு அறுபடுவதை அது பல நேரம் காட்டாது. சில வகை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கொஞ்சம் தெரியும், சிலருக்கு அதிலும் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்பதால் மூளை நார்மல் என்று முடிவு கட்ட முடியாது.

அடிபட்டபோது எவ்வளவு நினைவிழந்தார் என்று அளக்க 1974இல் கிளாஸ்கோ நகரில் உருவாக்கிய அளவுகோலைத்தான் இன்றும் எல்லா மருத்துவமனைகளிலும் பயன்படுத்துகிறார்கள். 3 முதல் 15 வரை மதிப்பெண். 13 முதல் 15 வரை லேசான காயம், 8 அல்லது அதற்குக் கீழ் வந்தால் கடுமையான காயம். டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்ட பிறகு எத்தனை நாள் கழித்துப் புதிய விஷயங்கள் நினைவில் நிற்க ஆரம்பித்தன என்பதையும் குறித்து வையுங்கள். பின்னால் எவ்வளவு தேறுவார் என்று கணிக்க அது நல்ல தடயம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவரை விபத்துக்குப் பிறகு தோட்டத்திலேயே வைத்துப் பார்த்தேன். முந்தைய வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்தார். சரியான சரிவில், மரத்தில் காயம்படாமல் பட்டையை வெட்டினார். கை எதையும் மறக்கவில்லை. ஆனால் பால் பிடிக்கும் சிரட்டையை நிமிர்த்தி வைக்காமலே அடுத்த மரத்துக்குப் போனார். பால் மரத்தில் வழிந்து தரையில் சொட்டியது. முதலாளி அதை அலட்சியம் என்றார். கைப்பழக்கம் மூளையில் ஓரிடத்தில் இருக்கிறது. வேலைகளை வரிசைப்படுத்தி, அடுத்து என்ன என்று கண்காணிக்கும் திறன் நெற்றிக்குப் பின்னால் வேறிடத்தில் இருக்கிறது. அவருக்கு அடிபட்டது இரண்டாவது இடத்தில்.

முன்பு சாதுவாக இருந்தவர் இப்போது கெட்ட வார்த்தை பேசுகிறார், கை ஓங்குகிறார். வேண்டுமென்றே செய்கிறாரா?

இல்லை. கோபத்தைக் கட்டுப்படுத்தும் வேலை மூளையின் முன்பகுதியுடையது. 1848இல் அமெரிக்காவில் பினியஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளியின் மண்டையை இரும்புக் கம்பி துளைத்துப் போனது. அவர் பிழைத்தார், நடந்தார், பேசினார். ஆனால் நண்பர்கள் "இது பழைய ஆள் இல்லை" என்றார்கள். முன்மூளைக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் யோசிக்க ஆரம்பித்தது அதிலிருந்துதான்.

அவர் கொதிக்கும்போது நியாயம் பேசாதீர்கள். குரலைத் தாழ்த்தி, டிவியை நிறுத்தி, கூட்டத்தைக் கலைத்துவிட்டு நீங்களும் சற்று விலகுங்கள். எந்த நேரத்தில், எதற்குப் பிறகு கோபம் வருகிறது என்று கவனியுங்கள். பசி, களைப்பு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, இவைதான் பெரும்பாலும் தூண்டிவிடும். இவ்வளவுக்கும் பிறகு அடங்கவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் மருந்து உண்டு. மனைவி பிள்ளைகளுக்கு அடி விழுகிறது என்றால் பொறுத்துப்போகச் சொல்லும் ஆள் நானில்லை. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

தலையில் அடிபட்டால் வர்ம ஆசானிடம் கொண்டு போகலாமா?

வர்மம் நம்முடைய மாவட்டத்தின் மரபு. பல வீடுகளில் ஆசான்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை தலைமுறை தாண்டியது. அந்த மரியாதையோடே சொல்கிறேன்: தலையில் அடிபட்ட அன்று முதலில் ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கழுத்து எலும்பு முறிந்திருக்கும்போது கழுத்தைத் திருப்பினால் கை கால் நிரந்தரமாகப் போய்விடும். நினைவு மங்குவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போல் வடிவது, இதில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

உயிராபத்து நீங்கி மாதங்கள் கழித்து, இறுகிப்போன கை கால்களுக்கு எண்ணெய் தேய்ப்பதில் மருத்துவருக்கு ஆட்சேபம் இல்லை என்றால் செய்யலாம். உள்ளே சாப்பிடும் மருந்துகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். முறையாகத் தயாரிக்காத பஸ்பங்களிலும் செந்தூரங்களிலும் ஈயமும் பாதரசமும் இருக்கலாம். அவையே மூளையைக் கெடுக்கும். வல்லாரை நல்ல கீரைதான், துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். அதனால் அல்சைமர் குணமாகும் என்பதற்குச் சான்று இல்லை.

பக்கவாதம் வந்தால் பின்னால் மறதி வராமல் தடுக்க முடியுமா?

முதல் சில மணி நேரத்தில்தான் பெரும்பகுதி தீர்மானமாகிறது. வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்திருந்தால், கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்பதிலிருந்து நேரத்தைக் கணக்கிடுவார்கள். ரத்தக்கட்டைக் குழாய் விட்டு எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடப் பலன் தரும். காலை வரை பார்ப்போம் என்று காத்திருப்பதும், ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் ட்ரிப் ஏற்றிப் படுக்க வைப்பதும்தான் நேரத்தைத் தின்கின்றன. அப்புறம், இரண்டாவது பக்கவாதம் வராமல் பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடுவது. "நல்லாகிவிட்டது" என்று நிறுத்தியவர்கள்தான் அடுத்த படி இறங்குகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் இரவு அம்மா ஆளைத் தெரியாமல் கத்தினார். பைத்தியமா?

இல்லை, இது வேறு நிலை. தொற்று, அறுவை சிகிச்சை, நீரிழப்பு, சோடியம் குறைவு போன்றவற்றால் திடீரென வரும் மூளைக் குழப்பம். பகலில் தெளிந்து இரவில் கூடும். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் நீங்கும், சிலருக்கு வாரங்கள் எடுக்கும். கண்ணாடியையும் காதுக் கருவியையும் போட்டுவிடுங்கள், தெரிந்த முகம் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், கையைக் கட்டிப்போடுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே லேசான மறதிநோய் இருப்பவர்களுக்கு இது எளிதில் வருவதால், வீடு திரும்பி ஒன்றிரண்டு மாதத்தில் நினைவுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

குடிப்பவர்களுக்கு வரும் மறதி எப்படிப்பட்டது?

சரியாகச் சாப்பிடாமல் குடித்துக்கொண்டே இருந்தால் தயமின் என்னும் வைட்டமின் பி1 தீர்ந்துபோகிறது. கண் ஒரு மாதிரி துடிக்கும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். போதை என்று நினைத்துத் தூங்க வைத்துவிடுவார்கள். உடனே தயமின் ஊசி போட்டால் தடுக்கக்கூடியது. தவறவிட்டால் புதிதாக எதுவும் நினைவில் பதியாத நிலை நிரந்தரமாகலாம். குளுக்கோஸ் ட்ரிப் போடும் முன் இவர் நெடுநாள் குடிப்பவர் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை இது.

வலிப்பு மாத்திரையால் பிள்ளைக்குப் படிப்பு மந்தமாகுமா?

சில மாத்திரைகளால் ஆகலாம். ஃபீனோபார்பிட்டோன், டோபிரமேட் இரண்டும் யோசனையை மெதுவாக்குவது தெரிந்த விஷயம். ஆனால் அடங்காத வலிப்பு அதைவிட மோசம். கை கால் இழுக்காமல், சில வினாடி வெறித்துப் பார்த்து வாயை மெல்லுவதும் வலிப்பாக இருக்கலாம். அது திரும்பத் திரும்ப வந்தாலே நினைவில் ஓட்டை விழும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மாற்றிக் கேளுங்கள். இரண்டு மருந்துகள் கொடுத்துப் பார்த்தும் அடங்காத வலிப்புக்கு அறுவை சிகிச்சை பொருந்துமா என்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் பார்க்கிறார்கள்.

மறதிக்கு மாத்திரை இருக்கிறதா?

அல்சைமருக்கு டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின், மெமன்டின் என்று நான்கு மருந்துகள் உண்டு. நோயை மாற்றாது, அறிகுறிகளைச் சில காலம் தாங்கிப் பிடிக்கும். முதல் மூன்றும் பேதி, பசியின்மை தரலாம், நாடித்துடிப்பையும் குறைக்கலாம். அதனால் தொடங்கும் முன் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார்கள். பார்கின்சனோடு வரும் மறதிக்கு ரிவாஸ்டிக்மின் பயன்படுகிறது. புரதப் படிவத்தையே அகற்றும் லெக்கனெமாப் ஊசிக்கு 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது. மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

தலைக்காயத்துக்கும் பக்கவாதத்துக்கும் மூளை டானிக் மாதிரி எழுதிக்கொடுக்கும் சிட்டிகோலினைப் பற்றி 2012இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. போலி மருந்தைவிடக் கூடுதல் பலன் இல்லை என்றன. பிராசிட்டமுக்கும் வலுவான சான்று கிடையாது. கடன் வாங்கி இவற்றை மாதாமாதம் வாங்கும் வீடுகள் அந்தப் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடலாம் என்பது என் கருத்து. மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: "இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?" கடுமையான தலைக்காயத்துக்குப் பின் கண் திறந்தும் தெளியாமல் இருப்பவர்களுக்கு அமன்டடின் மருந்து தேறுதலை வேகப்படுத்துகிறது என்று அதே 2012இல் ஒரு நல்ல ஆய்வு காட்டியது.

இரவில் அலைகிறார் என்று தூக்க மருந்தும் மனநோய் மருந்தும் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன. இல்லாத ஆள்களும் பிள்ளைகளும் கண்ணுக்குத் தெரிவது, நடை இறுகுவது, நாளுக்கு நாள் தெளிவு மாறுவது ஆகியவை சேர்ந்து இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த வகை நோய்க்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்து கொடுத்தால் உடம்பு மரக்கட்டைபோல் இறுகிவிடும்.

பயிற்சி என்றால் என்ன செய்வீர்கள்? சுடோகு போடச் சொல்வீர்களா?

சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். வீட்டுக்குத் தேவையானது வேறு. எந்த வேலை கெட்டுப்போயிருக்கிறதோ அந்த வேலையையே, அது நடக்கும் இடத்திலேயே பழக்குகிறோம்.

சொன்னேனே, அந்தப் பால்வெட்டுத் தொழிலாளி. ஒவ்வொரு மரத்திலும் "உரி, வெட்டு, சிரட்டை" என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்கினோம். முதலில் மனைவி கூடவே நடந்து சொன்னார், பிறகு அவரே உரக்கச் சொன்னார், பிறகு முணுமுணுத்தார். முன்மூளை செய்ய வேண்டிய கண்காணிப்பை வாய் செய்கிறது, அவ்வளவுதான். பக்கத்து மரத்தில் வெட்டுபவர்கள் சிரித்தார்கள். ஆனால் பால் சிரட்டையில் விழுந்தது.

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்போது "யோசித்துச் சொல்லுங்கள், பார்ப்போம்" என்று சோதிக்காதீர்கள். நினைவு பலவீனமானவர்கள் தவறாகச் சொன்னதும் அப்படியே பதிந்துவிடும். சரியான விடையை நீங்களே முதலில் சொல்லி, அவரைச் சொல்ல வைத்து, அரை நிமிடம் கழித்து, ஒரு நிமிடம் கழித்து, ஐந்து நிமிடம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். பேத்தியின் பெயர், கழிப்பறை இருக்கும் இடம், மாத்திரைப் பெட்டி எந்த அலமாரியில் என்பதுபோல் முக்கியமான சிலவற்றை இப்படிப் பதிய வைக்க முடியும்.

பாக்கெட்டில் ஒரே ஒரு நோட்டு. செல்போனில் அலாரம், அதில் "மாத்திரை" என்று உங்கள் குரலிலேயே பதிவு. சாவி, கண்ணாடி, பர்ஸ் வைக்க ஒரே ஒரு தட்டு. பொருட்களை இடம் மாற்றி அடுக்கும் பழக்கத்தை வீட்டிலுள்ளவர்கள் விட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். பேச்சு பாதிக்கப்பட்டவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் தனியாக வேண்டும். ஆள் சொல்ல முடியாமல் தவிப்பதைப் புரியாமல் இருப்பதாக எடுத்துக்கொண்டு அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுவது கொடுமை.

முதல் ஆறு மாதம் வேகமாகத் தேறுவார்கள். அதன் பிறகு மெதுவாகும், நின்றுவிடாது. கடுமையான தலைக்காயத்தில் இரண்டு வருடம் கழித்தும் முன்னேற்றம் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனையில் நினைவுப் பரிசோதனையில் பாட்டிக்கு மதிப்பெண் குறைவு என்றார்கள். அவருக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாது.

அப்படியென்றால் கட்டாயம் சொல்லுங்கள். 30 மதிப்பெண்ணுக்கு நடக்கும் இந்தச் சோதனைகளில் படிப்பு குறைந்தவர்கள் நோய் இல்லாமலே குறைவாக வாங்குவார்கள். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை, முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. விளவங்கோடு பக்கம் எண்பது தாண்டியவர்களில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் உண்டு. கொல்லம் ஆண்டு என்னும் மலையாள ஆண்டுக் கணக்கில் நாள் சொல்லிப் பழகியவர்களும் உண்டு. ஆங்கில மாதத் தேதி கேட்டு, தெரியவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தால் அது நியாயமில்லை. எந்த மொழியில் படித்தார், எந்தக் கணக்கில் நாள் பார்ப்பார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு மொழி புழங்குவதில் ஒரு நல்லதும் இருக்கலாம். ஹைதராபாத்தில் மறதிநோய் உள்ள 648 பேரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. இரண்டு மொழி பேசுபவர்களுக்கு, ஒரே மொழி பேசுபவர்களைவிடச் சுமார் நான்கரை வருடம் தாமதமாக நோய் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது.

மறுபடி பைக் ஓட்டலாமா, கடலுக்குப் போகலாமா, மரம் ஏறலாமா?

மருத்துவர் சரி என்று சொல்லும் வரை மூன்றும் கூடாது. கவனமும் எதிர்வினை வேகமும் குறைந்திருப்பது அவருக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். கரையில் வலை பின்னுவது, தேங்காய் எண்ணுவது, ரப்பர் ஷீட் காயப்போடுவது என்று தொழிலோடு ஒட்டிய வேலையைக் கொடுங்கள். சும்மா உட்காரவைத்தால் மனம் உடைந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு லேசான அடி என்றால் ஓரிரு நாள் ஓய்வு போதும், பிறகு அரைநாள் வகுப்பு, அப்புறம் முழுநாள். தலைவலி முழுவதும் போகும் வரை விளையாட்டு வேண்டாம்.

பேங்க், சொத்து விஷயம்?

தள்ளிப்போடாதீர்கள். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கோ உள்ளூர் மருமகனுக்கோ பவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி பவர் செல்லாது. அதன் பிறகு காப்பாளரை நியமிக்க நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். ஆரம்ப நிலையில், அவர் தெளிவாக இருக்கும்போதே, மருத்துவச் சான்றோடு உயில் எழுதுவதும் வங்கிக் கணக்கில் இணைப்பெயர் சேர்ப்பதும் நல்லது. அவர் விருப்பம் என்ன என்று அவரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

மீன் சாப்பிட்டால் மறதி வராதா? வராமல் தடுக்க வேறு என்ன செய்யலாம்?

மீன் நல்லதுதான், ஆனால் மீனெண்ணெய் மாத்திரை மறதிநோயைக் குணப்படுத்தவில்லை. உலகளவில் மறதிநோய் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட அறிக்கை, சரிசெய்யக்கூடிய 14 காரணங்களை அடுக்கி, அவற்றைக் கவனித்தால் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, புகை, குடி, உடலுழைப்பின்மை, தனிமை எல்லாம் அதில் உண்டு. இரண்டை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாம் அவற்றை விட்டுவிடுகிறோம். ஒன்று, காது. "பாட்டாவுக்குக் காது மந்தம்" என்று சிரித்துவிட்டு விடாமல் கருவி வாங்கிக் கொடுங்கள். இன்னொன்று, ஹெல்மெட். பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து.

எங்கே போவது? செலவு?

நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்குங்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசமாகப் பெறலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள் அந்த அட்டை அங்கே செல்லுமா என்று புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரையும் இயன்முறைப் பயிற்சியும் "மக்களைத் தேடி மருத்துவம்" மூலம் வரும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் நீடித்த நரம்பியல் பாதிப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கை கால் நன்றாக இருக்கிறது என்பதால் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்காது என்று யாராவது திருப்பி அனுப்பினால், நினைவு, நடத்தைப் பரிசோதனை அறிக்கையோடு மறுபடி போங்கள்.

அப்புறம், கவனித்துக்கொள்பவர். பெரும்பாலும் அது மருமகளோ மனைவியோ மகளோதான். இரவெல்லாம் விழித்து, பகலில் சமைத்து, இடையில் திட்டும் வாங்கிக்கொள்பவர். வாரத்தில் ஒரு நாளாவது வேறு ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புபவர்கள் மருந்துக்கு மட்டுமல்ல, இதற்கு ஆள் வைக்கவும் சேர்த்து அனுப்புங்கள். மனம் தாங்காத நேரத்தில் 14416 டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. முதியோர் பிரச்சினை எதற்கும் 14567. வழி தவறிப் போகும் வழக்கம் உள்ளவர் வீட்டில் இருந்தால் அவர் சட்டைப்பையிலும் கையிலும் உங்கள் செல்போன் எண் இருக்கட்டும். பக்கத்துக் கடைக்காரருக்கும் ஆட்டோ ஸ்டாண்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வீட்டுப் பக்கம் குளமோ கால்வாயோ கிணறோ இருந்தால், ஆளைக் காணோம் என்றதும் முதலில் அந்தப் பக்கம் ஓடுங்கள்.